பெட்டி கட்டும் முன் ஒரு கணக்கு

பெருநகரை விட்டுச் சிறு நகருக்குக் குடிபோகிறவர்கள் வாடகை வித்தியாசத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஆனால் லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாடகை அல்ல.

மும்பைப் புறநகரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் ரூ. 42,000 வாடகை கொடுக்கும் குடும்பத்துக்கு மைசூரைப் பற்றி யாராவது சொன்னால் போதும், கனவு தொடங்கிவிடும். பாதிக்கும் குறைவான வாடகை, காவிரித் தண்ணீர், நெரிசல் இல்லாத தெருக்கள். மத்திய அரசின் தூய்மை நகரப் பட்டியலில் 2015, 2016 என இரண்டு முறை முதலிடம் பிடித்த ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பையில் 1.24 கோடிப் பேர். மைசூரில் சுமார் 9 லட்சம் பேர்தான்.

2020 ஊரடங்கு இந்தக் கனவுக்குக் கால் முளைக்க வைத்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றால் வீடு எந்த ஊரில் இருந்தால் என்ன? நாக்பூர், இந்தூர், மைசூர், புவனேஸ்வரம் என்று லாரிகள் கிளம்பின. 2023 வாக்கில் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்தபோது, சரியாகக் கணக்குப் போடாமல் போனவர்கள் இரண்டாவது முறையும் லாரிக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

எனவே முதல் கேள்வி வீட்டைப் பற்றியது அல்ல, வேலையைப் பற்றியது. வீட்டிலிருந்தே பணிபுரியும் சலுகை எழுத்தில் இருக்கிறதா, மேலதிகாரியின் வாய்வார்த்தையில் இருக்கிறதா? ஊர் மாறினால் சம்பளம் குறையுமா? மாதம் எத்தனை முறை தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும், அந்தப் பயணச் செலவு யாருடையது? இவற்றுக்கு மின்னஞ்சலிலாவது பதில் கிடைக்கும் வரை வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கக் கூடாது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தக் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மும்பை போன்ற எட்டுப் பெருநகரங்களில் வீட்டு வாடகைப் படி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மைசூர் அடங்கிய இரண்டாம் பிரிவில் 20, மற்ற ஊர்களில் 10. அடிப்படைச் சம்பளம் ரூ. 60,000 என்றால், மும்பையில் கிடைத்த ரூ. 18,000 மைசூரில் ரூ. 12,000 ஆகிவிடும். தனியார் துறையினருக்கும் பாதிப்பு உண்டு. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, வாடகைப் படி விலக்குக்கான உச்சவரம்பு மும்பையில் சம்பளத்தில் 50 சதவீதம், மைசூரில் 40. புதிய முறையில் இந்த விலக்கே கிடையாது.

மூன்று லட்சம் எங்கே போகிறது?

ஓர் உதாரணக் கணக்கு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஐந்து வருடப் பழைய கார் ஒன்று. மும்பையிலிருந்து மைசூர் சுமார் ஆயிரம் கிலோ மீட்டர். தொகைகள் ஊகம்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். தலைப்புகள் மட்டும் மாறாது.

சாமான் கட்டி ஏற்றி இறக்க ரூ. 55,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ. 64,900. காரைக் கொண்டுபோக ரூ. 20,000. வீடு தேடவும் பள்ளி பார்க்கவும் ஒரு முறை போய்வர ரூ. 25,000. தரகு ரூ. 18,000. இரண்டு ஊரிலும் வாடகை கொடுக்கும் ஒரு மாதத்துக்கு ரூ. 18,000. பள்ளிச் சேர்க்கை, சீருடை, புத்தகம் ரூ. 60,000. குடும்பத்தின் பயணம், சில நாள் விடுதி ரூ. 20,000. திரைச்சீலை, குழாய், மின்விசிறி என்று புது வீடு கேட்கும் சில்லறைகள் ரூ. 25,000.

இதுவரை ரூ. 2,50,900. பெரும்பாலோர் மறந்துவிடும் இனம் இனிமேல்தான்: கார் வரி. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். வாகன வரி அதிகமுள்ள மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. வாகனத்தின் வயதுக்கேற்பத் தொகை குறையும் என்றாலும், நம் உதாரணத்துக்கு ரூ. 75,000 ஒதுக்கிவைப்பது நல்லது. மீதி ஆண்டுகளுக்கான வரியைப் பழைய மாநிலத்திடம் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் புதிய ஊரில் கட்டிவிட்டு, பிறகுதான் பழைய ஊரின் அலுவலகப் படிகளில் ஏற வேண்டும். அந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போடக் கூடாது. 2021-ல் அறிமுகமான 'பாரத்' வரிசை எண் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் ஊழியர்களும் அதற்குத் தகுதியுடையவர்கள்.

ஆக ரூ. 3,25,900. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய ரூ. 3,58,000. வீட்டு முன்பணம் தனி. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால் தவிர அது வெறும் மாதிரியே. ஆறு மாத வாடகை கேட்டால் ரூ. 1,08,000. மும்பை வீட்டின் முன்பணம் காலி செய்த பிறகுதான் கைக்கு வரும். அதாவது லாரி கிளம்பும் நாளுக்குள் ரூ. 4,66,000 புரள வேண்டும். கடன் அட்டையில் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஓராண்டு வாடகை மிச்சத்தை வட்டியிலேயே தொலைக்க நேரும்.

இரண்டாவது சம்பளம்

இனி மாதக் கணக்கு. மும்பையில் மாதச் செலவு ஒரு லட்சம். மைசூரில் வாடகை ரூ. 18,000, மற்றவை ரூ. 50,000, ஆக ரூ. 68,000. மாதம் ரூ. 32,000 மிச்சம். கணவனின் வேலை அப்படியே தொடர்கிறது. மும்பையில் ரூ. 40,000 சம்பாதித்த மனைவியின் வேலையும் தொடர்ந்தால், குடிபெயர்ந்த செலவு முழுவதும் ஓராண்டுக்குள் மீண்டுவிடும்.

அவர் வேலையை விட வேண்டியிருந்தால்? மைசூரில் உடனே ரூ. 22,000-க்கு ஒரு வேலை கிடைத்தாலும் மாதத்துக்கு ரூ. 18,000 இழப்பு. உண்மையான மிச்சம் ரூ. 14,000தான். செலவு மீள இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வேலை கிடைக்க ஆறு மாதம் ஆனால், அதுவரை மாதம் ரூ. 8,000 மும்பையில் இருந்ததைவிட மோசம். மீள ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். வேலையே கிடைக்காவிட்டால் என்றுமே மீளாது.

வாடகை எல்லா நிலைமைகளிலும் ஒன்றேதான். முடிவை மாற்றுவது இரண்டாவது சம்பளம். பல வீடுகளில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. 'போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லப்படும் வேலை பெரும்பாலும் மனைவியுடையதாகவே இருக்கிறது. சிறு நகரில் அவர் துறையில் எத்தனை நிறுவனங்கள், என்ன சம்பளம் என்பதை வீடு தேடப் போகும் அதே பயணத்தில் விசாரித்து வருவது நல்லது.

லாரியில் ஏறும் முன்

பல இடங்களில் விலை கேளுங்கள். வீட்டுக்கு நேரில் வந்து சாமான்களைப் பட்டியலிட்ட பிறகே தொகை சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் மலிவு விலை, சாமான் லாரியில் ஏறிய பிறகு வளரும் இயல்புடையது. பேசிய தொகையில் ஜி.எஸ்.டி., மாடிப்படிக் கூலி, இறக்கு கூலி எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்க வேண்டும். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. விதிகளின்படி இ-வே பில் தேவையில்லை. மாநில எல்லை வணிகவரிச் சாவடிகளும் 2017-லேயே மூடப்பட்டுவிட்டன. எனவே 'வரிச் சாவடிச் செலவு' என்று யாராவது கேட்டால் காரணம் கேளுங்கள்.

முழு லாரியா, பிற வீட்டுச் சாமான்களோடு பங்கு லாரியா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பங்கு லாரி மலிவு. ஆனால் வழியில் வண்டி மாறும். நாளும் கண்ணாடியும் தப்புவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெட்டி கட்டுபவர் கொடுக்கும் 'ரிஸ்க் கவர்' காகிதம் இன்ஷூரன்ஸ் அல்ல. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பாலிசி உங்கள் பெயரில் வேண்டும். லாரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சேதம் இருந்தால் 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும் என்பது 2007-ம் ஆண்டின் சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் நிபந்தனை. பழைய பீரோவையும் கட்டிலையும் ஆயிரம் கிலோ மீட்டர் சுமப்பதற்குப் பதில் விற்றுவிடுவது பல சமயம் லாபம்.

குழந்தைகள், முதியவர்கள்

குழந்தைகளின் காலண்டர்தான் நாள் குறிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 10, 12-ம் வகுப்பில் இடையில் சேர்வது எளிதல்ல. பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணம் காட்டி போர்டின் அனுமதி பெற வேண்டும். மொழி இன்னொரு சிக்கல். பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்கி 2015-ல் கர்நாடகமும், மராத்தியைக் கட்டாயமாக்கி 2020-ல் மகாராஷ்டிரமும் சட்டம் இயற்றின. வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, இந்தி என்று வளர்ந்த எட்டாம் வகுப்புக் குழந்தை மைசூரில் கன்னட எழுத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். டியூஷனுக்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும்.

முதியவர்கள் இருந்தால், வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரத்தை வாடகைக்கு முன் பாருங்கள். மைசூரில் ஜெயதேவா இதய மருத்துவமனைக்குக் கிளை உண்டு. எல்லாச் சிறு நகரங்களுக்கும் அந்த வசதி இல்லை. சில மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பிரீமியம் ஊருக்கு ஊர் மாறும். சிறு நகர விகிதத்தில் கட்டிவிட்டுப் பெருநகரில் சிகிச்சை பெற்றால், பில்லில் ஒரு பகுதியை நாமே ஏற்க வேண்டி வரலாம். ஆதார், வங்கி, வாக்காளர் பட்டியல், காஸ் இணைப்பு ஆகியவற்றை முதல் மாதத்திலேயே மாற்றிவிடுவது பின்னால் வரும் அலைச்சலைக் குறைக்கும். வாக்காளர் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8.

மும்பையில் சொந்த வீடு இருந்தால் அதை உடனே விற்க வேண்டாம். மைசூரில் மனை வாங்கவும் அவசரம் வேண்டாம். முதல் 11 மாத வாடகை ஒப்பந்தம் முடியும்வரை ஒவ்வொரு மாதச் செலவையும் எழுதி, கிளம்பும் முன் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பி வருவதற்கான லாரிச் செலவும் மூன்று மாதக் குடும்பச் செலவும் அதுவரை வங்கியில் தொடாமல் கிடக்கட்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளில் அந்தப் பணம் அப்படியே இருந்தால், மனை பார்க்கத் தொடங்கலாம்.