உள்ளே நுழைய முடியாத புரதம்: பார்க்கின்சன் நோயும் மைட்டோகாண்ட்ரியாவும்

பார்க்கின்சன் நோய் என்றதும் நடுங்கும் கையே பலருக்கும் நினைவுக்கு வரும்; ஆனால் அந்த நடுக்கம் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் சிறு பகுதி ஒன்றில், டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் மடியத் தொடங்கிவிடுகின்றன. அவற்றின் அழிவுக்குக் காரணம் தேடியவர்களின் கவனம் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் விழுந்தது. உணவின் ஆற்றலைச் செல் செலவழிக்கத்தக்க வடிவில் மாற்றித்தரும் இந்த நுண்ணுறுப்பு, அதே வேலையின்போது செல்லுக்கு ஊறு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வெளிவிடுகிறது. அடுப்பெரிந்தால் புகையும் எழத்தானே செய்யும்.

முதல் தடயம் மரபணுவிலிருந்து வரவில்லை, நஞ்சிலிருந்து வந்தது. 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சிலர், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போலத் திடீரென உடல் விறைத்துப் போயினர். அம்மருந்தில் கலந்திருந்த எம்பிடிபி என்னும் மாசு மூளையில் உருமாறி, டோபமைன் செல்களுக்குள் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தித் தொடரில் முதற்கண்ணியை முடக்கியது பின்னர் தெரியவந்தது.

இங்கு முக்கியமான இரு மரபணுக்களின் கதை 1998இல் தொடங்குகிறது. இளவயதிலேயே இந்நோய் கண்ட ஜப்பானியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் பார்க்கின் என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். 2004இல் ஐரோப்பியக் குடும்பங்களிலிருந்து பிங்க்1 என்னும் இன்னொன்று கிடைத்தது. 2006இல் வெளியான ஆய்வுகளில், இவற்றுள் எந்த ஒன்றை இழந்த பழ ஈக்களிலும் பறக்க உதவும் தசைகள் ஒரேவிதமாகச் சிதைந்தன; பிங்க்1 இல்லாத ஈக்குக் கூடுதலாகப் பார்க்கின் தந்தபோது சிதைவு சீரடைந்தது, மறுதலையாகச் செய்தபோது பயனில்லை. ஆகவே இரண்டும் ஒரே வழியில் இயங்குகின்றன, பிங்க்1 முன்னும் பார்க்கின் பின்னும் என்பது உறுதியாயிற்று.

அந்த வழியின் நுட்பம் வியப்புக்குரியது. நல்ல நிலையிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நிலவும் மின்னழுத்தம், பிங்க்1 புரதத்தை உள்ளிழுக்கிறது. உள்ளே அது வெட்டப்பட்டு விரைவில் அழிக்கப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டு மின்னழுத்தம் சரிந்தாலோ, உள்ளே நுழைய வழியின்றி அப்புரதம் வெளிச்சவ்வின் மேல் குவிகிறது. அந்தக் குவிதலே அபாய அறிவிப்பு. குவிந்த பிங்க்1, யூபிகுவிட்டின் என்னும் சிறு புரதத்திலும் பார்க்கினிலும் பாஸ்பேட்டை ஏற்றி, உறங்கிக் கிடந்த பார்க்கினை விழிக்கச் செய்கிறது. பார்க்கின் மேன்மேலும் யூபிகுவிட்டினை அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மேல் ஒட்ட, அவ்வடையாளத்தைக் கொண்டு செல் அதை ஒரு சவ்வுப்பையில் பொதிந்து, செரிமானக் கூடமாகிய லைசோசோமுக்கு அனுப்புகிறது. இவ்வாறு அப்புறப்படுத்துவதற்கு மைட்டோஃபாஜி என்று பெயர். பார்க்கின் பழுதுபட்ட மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிச் செல்வதை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

பிரிந்து பெருகும் செல்கள் பழுதைத் தம் சேய்ச் செல்களுக்குப் பகிர்ந்து நீர்க்கச் செய்யலாம். பிரியாத நரம்புச் செல்லுக்கு அந்த வாய்ப்பில்லை. அதிலும் டோபமைன் செல் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான இணைப்புகளைத் தாங்கிக்கொண்டு ஓய்வின்றித் துடிப்பதால், துப்புரவு தவறினால் அதுவே முதலில் தள்ளாடும் என்று கருத இடமுண்டு.

இருப்பினும் இதையே முழு விடை என்பது அவசரம். இம்மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிகளில் பெரும்பாலும் டோபமைன் செல்கள் மடியவில்லை. நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோரிடம் இக்குறைபாடுகள் இல்லை. எல்ஆர்ஆர்கே2, ஆல்ஃபா சைனூக்ளின் போன்ற பிற மரபணுக்களின் மாற்றங்களும் வேறு வழிகளில் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பிங்க்1, பார்க்கின் குறைபாடுகள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பொதுவாக நோயாகின்றன; உறவுக்குள் மணம் புரிந்தோரின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். எனவே நாற்பது வயதுக்கு முன்பே நடுக்கமோ விறைப்போ தொடங்கியவர்கள், தம் பெற்றோரின் உறவுமுறையையும் நரம்பியல் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.