ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு வணிகர் மாளிகை

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டை அடுத்த ரங்கப்பிள்ளை வீதியில், கடைகளுக்கு நடுவே ஒரு பழைய வீடு நிற்கிறது. 1738-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அது. இன்று பாதுகாக்கப்படும் மரபுக் கட்டடம். அவருடைய நாட்குறிப்பைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்தோர் பலர். வீட்டைக் கண்டோர் சிலரே. பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி செல்லும் எம் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

பிள்ளை 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் வணிகம் செய்து உயர்ந்து, 1747-இல் ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாசியானார். துபாசி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். பிரெஞ்சுக் கம்பெனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் இடையே நின்று, துணிக் கொள்முதலுக்கு முன்பணம் வழங்குவதும், சொன்ன தவணையில் சரக்கு வந்து சேரச் செய்வதும் அவர் பொறுப்பு. கடன் ஒப்புதலும் வசூலும் ஒருவர் கையிலேயே இருந்தன என்று சொல்லலாம். அத்தகைய ஏற்பாட்டை எங்கள் தணிக்கையாளர்கள் ஒருநாளும் ஏற்கமாட்டார்கள்! கப்பல் வரவு முதல் ஆளுநர் மாளிகைச் செய்திகள் வரை, 1736-இலிருந்து அவர் தமிழில் எழுதிவைத்தவை பின்னர் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன.

வீட்டின் தரைத்தளம் தமிழ் மரபைச் சேர்ந்தது. செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் அங்கே நிற்கின்றன. மேல்தளத்தில் காட்சி மாறுகிறது. வெண்சுதை பூசிய தூண்கள் ஐரோப்பிய முறையில் எழுகின்றன. அம்முறையின் வேர் பண்டைய உரோமாபுரியில் உள்ளது. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர் அதை மீட்டெடுத்தனர். பல்லாடியோ என்னும் கட்டடக் கலைஞர் 1570-இல் வெளியிட்ட நான்கு நூல்கள் அதை ஐரோப்பா எங்கும் பரப்பின. பிரெஞ்சுக்காரர் வழியாக அது கடல் கடந்து நம் ஊருக்கு வந்தது.

இவ்விடத்தில் பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தின் மாளிகை நினைவுக்கு வருகிறது. வங்கித் தொழிலில் செழித்த அக்குடும்பம் 1444-இல் கட்டத் தொடங்கிய அவ்வீட்டில், கீழ்த்தளத்தின் வெளிச்சுவர் கரடுமுரடான கல்லால் ஆனது. மேலே செல்லச் செல்லக் கல் வழவழப்பாகிறது. தளத்துக்குத் தளம் வீட்டின் முகம் மாறும் அந்த அழகு இங்கும் உண்டு. ஆனால் பிள்ளையின் வீட்டில் மாறுவது கல்லின் மெருகு மட்டுமன்று, கட்டட மரபே மாறிவிடுகிறது. அதனால் எம் கண்ணுக்கு இதுவே சுவையானதாகப் படுகிறது.

1761 ஜனவரி 12 அன்று பிள்ளை காலமானார். நான்கே நாட்களில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் கோட்டையும் ஊரும் இடித்துத் தள்ளப்பட்டன. அவ்வழிவுக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களுள் இவ்வீடும் ஒன்று.

பீரங்கிக்குத் தப்பிய சுவர்களுக்கு மழையும் சிமெண்டும் இன்றைய பகைவர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மீது சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை உதிர்த்துவிடும். கவனிப்பாரற்றுப் போனால் என்னாகும் என்பதை அதே நகரத்தின் பழைய மேரி கட்டடம் காட்டியது. 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு, 2021-இல் திறக்கப்பட்டது.

பழைய வீட்டை அடமானமாகக் கொண்டு வருவோரிடம் நாங்கள் பெறும் மதிப்பீட்டு அறிக்கையில் நிலத்திற்கு ஒரு தொகையும், தேய்மானம் கழித்த கட்டடத்திற்கு ஒரு தொகையும் தனித்தனியே இருக்கும். நூறாண்டு கடந்த வீட்டிற்கு இரண்டாவது தொகை பெயரளவுக்கே நிற்கும். செதுக்கிய தூணுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. இத்தகைய வீட்டை வைத்திருப்பவர்கள், விற்பதற்கோ இடிப்பதற்கோ முன், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக் கூரையையும் சுவரையும் காட்டுவது நல்லது.