மின்தேக்கிகளைத் தொடரில் இணைப்பது ஏன்?

கூரை மின்விசிறியின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய உருளை இருக்கும். பழுதுபார்ப்பவர் அதைக் ‘கண்டன்சர்’ என்பார். பாடநூல் மின்தேக்கி என்கிறது. அதன்மேல் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் என்று இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண்ணை வைத்துத் தேர்வில் கணக்குக் கேட்பார்கள். இரண்டாவது எண்ணை எவரும் கேட்பதில்லை. ஆனால் தொடரிணைப்பின் பயனும் ஆபத்தும் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கின்றன.

பக்க இணைப்பில் சிக்கல் ஏதுமில்லை. 3 மைக்ரோ ஃபாரட், 6 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால், தகடுகளின் பரப்பு கூடியது போலாகிறது. மொத்தம் 9 மைக்ரோ ஃபாரட். அவ்வளவுதான்.

அவற்றையே தொடரில் இணைத்தால் கிடைப்பது 2 மைக்ரோ ஃபாரட். அதாவது இரண்டில் சிறியதையும்விடக் குறைவு! மின்தடை விதிக்கு நேர்மாறான இதை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வறையில் மாற்றி எழுதும் மாணவர்கள் பலர். காரணத்தைக் கண்டுகொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

தொடரிணைப்பில், முதல் மின்தேக்கியின் உள்தகடும் இரண்டாவதன் உள்தகடும் ஒரு கம்பியால் சேர்ந்திருக்கின்றன அல்லவா? இந்த இரு தகடுகளும் கம்பியும் சேர்ந்து ஒரு தீவு. இருபுறமும் காப்புப் பொருள் சூழ்ந்திருப்பதால், மின்கலத்திலிருந்து ஓர் எலக்ட்ரான்கூட அங்கே வந்து சேர முடியாது. ஏற்கெனவே அங்குள்ள எலக்ட்ரான்கள் ஒரு தகட்டை விட்டு மற்றதற்கு நகர்கின்றன. ஒரு தகட்டில் எவ்வளவு குறைகிறதோ, மற்றதில் அவ்வளவு மிகுகிறது. ஆகவே இரு மின்தேக்கிகளிலும் மின்னூட்டம் சமமாகவே இருந்தாக வேண்டும். மின்கலமோ வெளித் தகடுகள் இரண்டிற்கு மட்டுமே மின்னூட்டம் தருகிறது. அதன் அழுத்தம் இரண்டு மின்தேக்கிகளுக்கும் பங்கிடப்படுகிறது. பங்கு குறைந்தால் சேரும் மின்னூட்டமும் குறையும்.

இந்த இணைப்புக்கு 90 வோல்ட் கொடுப்போம். மின்னூட்டம் 2 × 90 = 180 மைக்ரோ கூலூம். 3 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் பங்கு 180 ÷ 3 = 60 வோல்ட்; 6 மைக்ரோ ஃபாரட்டின் பங்கு 30 வோல்ட். சிறியதற்கே பெரும்பங்கு என்பதைக் கவனியுங்கள்.

இப்போது, ஒவ்வொன்றும் 50 வோல்ட் மட்டுமே தாங்கக்கூடியது என்று கொள்வோம். ‘50-உம் 50-உம் 100, 90 வோல்ட்டுக்குத் தாராளம்’ என்று தோன்றும். ஆனால் சிறியதன்மீது 60 வோல்ட் விழுகிறது. அதன் காப்புப் பொருள் துளைபட்டுக் குறுக்குச் சுற்றானால், 90 வோல்ட்டும் மற்றதன் தலையில் இறங்கும், அதுவும் போய்விடும். ஒரே மதிப்பு அச்சிட்ட மின்தேக்கிகளும் உண்மையில் சமமாக இருப்பதில்லை. மின்பகுளி வகைகளில் 20 சதவீத வேறுபாடு சாதாரணம். நேர்மின்சாரத்தில் சிறு கசிவுகளும் பங்கீட்டை மாற்றிவிடும். அதனால்தான் ஒவ்வொன்றின் குறுக்கேயும் சமமான உயர் மின்தடை ஒன்றை இணைக்கிறார்கள்.

இத்தனை தொல்லையையும் ஏற்பது எதற்காக? ஒரு மின்தேக்கி தாங்காத அழுத்தத்தைப் பலவற்றிடம் பகிர்ந்து கொடுப்பதற்காகத்தான். 1924இல் ஜெர்மானியப் பொறியியலார் எர்வின் மார்க்ஸ் விவரித்த மின்னாக்கி இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறது. பல மின்தேக்கிகளை உயர் மின்தடைகள் வழியே பக்க இணைப்பில் மின்னேற்றுகிறார்கள். இடையிடையே உலோகக் கோளங்களாலான தீப்பொறி இடைவெளிகள் உண்டு. முதல் இடைவெளியில் பொறி பாய்ந்ததும், மற்ற இடைவெளிகளில் அழுத்தம் மிகுந்து அவற்றிலும் பொறி பாய்கிறது. அந்த நொடியில் எல்லா மின்தேக்கிகளும் தொடரில் அமைந்துவிடுகின்றன! 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகள் பத்தினை 10,000 வோல்ட்டுக்கு ஏற்றினால், மறுமுனையில் ஏறத்தாழ 1 லட்சம் வோல்ட் எழுகிறது. மின்மாற்றிகளும் காப்பான்களும் மின்னலைத் தாங்குமா என்று சோதிப்பது இந்தச் செயற்கை மின்னலால்தான். ஆற்றல் மட்டும் கூடுவதில்லை: பக்க இணைப்பில் 10 மைக்ரோ ஃபாரட், 10,000 வோல்ட், தொடரில் 0.1 மைக்ரோ ஃபாரட், 1 லட்சம் வோல்ட். அரை மடங்கு மின்தேக்குதிறனை அழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் 500 ஜூல்.

வேடிக்கை என்னவென்றால், 1740களின் இறுதியிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார். இருபுறமும் ஈயத் தகடு ஒட்டிய 11 கண்ணாடிப் பலகைகளைத் தொடரில் மின்னேற்றி, பிறகு பக்க இணைப்பாக மாற்றி மின்னிறக்கினார். ஒரு பலகைக்கு ஆகும் உழைப்பிலேயே பதினொன்றையும் ஏற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். மின்னூட்டத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் 11 பலகைகளிலும் அதே மின்னூட்டத்தைச் சேர்க்க 11 மடங்கு அழுத்தம் வேண்டும். ஆற்றலும் 11 மடங்கு. அந்த ஆற்றலை உராய்வு எந்திரத்தைச் சுற்றியவரின் கைதான் கொடுத்திருக்க வேண்டும்.