மலிவு டயரும் மாறும் வானிலையும்



கார் வாங்கும்போது வீட்டார் அனைவரும் கூடி அதன் நிறத்தைப் பற்றிப் பேசுகிறோம். இருக்கைகளைத் தொட்டுப் பார்த்து மகிழ்கிறோம். டயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் கார் சாலையைத் தொடுவது டயர் வழியாக மட்டுமே. அதிலும் முழு டயரும் தரையில் படுவதில்லை. ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடமே ஒரு நேரத்தில் தரையைத் தொடுகிறது. அந்த நான்கு உள்ளங்கை அளவு இரப்பரை நம்பியே நாம் பயணம் செய்கிறோம்.

டயர் மாற்றும் நாள் வந்துவிட்டால் குடும்பத்திற்குப் பெருஞ்செலவுதான். கடைக்காரர் விலை கூடியதையும் காட்டுகிறார், குறைந்ததையும் காட்டுகிறார். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். பின் எதற்குக் கூடுதல் பணம்? இக்கேள்விக்கு வானிலைதான் விடை சொல்லும்.

இரப்பரும் வானிலையும்

பச்சை இரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் இறுகி வெடிக்கும். கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். இன்றைய டயரில் கந்தகத்தோடு கரித்தூள், சிலிக்கா முதலிய பல பொருள்களும் கலந்துள்ளன. ஈரச் சாலையில் பிடிப்பைக் கூட்டுவதில் சிலிக்காவுக்குப் பெரும்பங்கு உண்டு. விலையில் காணும் வேறுபாட்டின் ஒரு பகுதி இந்தக் கலவையில் ஒளிந்துள்ளது. அதைக் கண்ணால் காண முடியாது.

வறண்ட சாலையில்

“மலிவு டயர்தான் போட்டேன். ஒரு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை” என்று சொல்லும் ஓட்டுநர்கள் பலர். அவர்கள் சொல்வது பொய்யன்று. காய்ந்த தார்ச்சாலையில் பழுதில்லாத எந்த டயரும் நன்றாகவே பிடிக்கும். கலவை கடினமாக இருந்தால் தேய்மானமும் குறைவு. ஆகவே வறண்ட சாலை மட்டும் தேர்வாளராக இருந்தால் எல்லா டயரும் தேர்ச்சி பெற்றுவிடும்!

கோடை வெயிலில்

சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடித்த செய்திகளைப் படிக்கிறோம். வெயிலில் காற்று விரியும் என்று எண்ணிச் சிலர் காற்றைக் குறைத்து அடிப்பார்கள். இது தவறு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே வெப்பம் பெருகி டயர் சிதைகிறது. விலை உயர்ந்த டயரையும் இது விட்டுவைக்காது. வண்டியின் கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் குறித்த அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போது காற்று அடிப்பதே முறை.

மழையில்

உண்மையான தேர்வு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடக்கிறது. டயரிலுள்ள பள்ளக்கோடுகள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. சாலை நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. டயர் மொட்டையாகிவிட்டால் நீருக்குப் போக வழியில்லை. வேகம் கூடும்போது டயர் நீரின் மேலேயே மிதக்கத் தொடங்கும். “ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது” என்று ஓட்டுநர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். அப்போது பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானே குறைய விடவேண்டும்.

வகுப்பில் படித்த இயற்பியலை இங்கே நினைவுகூர்வோம். பிடிப்பு பாதியானால் நிற்கும் தூரம் இரு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்தபின் நல்ல உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். பிடிப்பு பாதியான ஈரச் சாலையில் அதற்கு 40 மீட்டர் வேண்டும். அந்தக் கூடுதல் 20 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஒரு சிறுமி இருந்தால்? டயரில் மிச்சம் பிடித்த பணத்திற்கு அப்போது என்ன மதிப்பு?

முதல் மழையில் இன்னும் எச்சரிக்கை தேவை. பல நாள் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து சாலையை வழுக்கச் செய்யும். உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பாதைகளில் ஈரத்தோடு குளிரும் வளைவும் சேர்வதால், எந்த டயராயினும் நிதானமே துணை.

நாம் செய்யக்கூடியவை

1. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் மீதியுள்ள ஆழம் 1.6 மில்லி மீட்டர். நம் நாட்டுச் சட்டப்படி கார் டயருக்கு அதுவே எல்லை. மழைக்காலத்திற்கு முன்பே மாற்றிவிடுவது நலம்.

2. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தள்ளுபடி விலையில் கிடைப்பது பல ஆண்டு கிடந்த சரக்கா என்பதை இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

3. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்சக்கரங்களில் போடுவது நல்லது. ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை அடக்குவது மிகக் கடினம்.

4. ஸ்டெப்னி டயருக்கும் மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்கவேண்டும்.

மலிவு என்பது குற்றமன்று. ஈரச் சாலையில் டயருக்கு இருக்கவேண்டிய பிடிப்பிற்கு 2022-இல் நம் அரசு விதி வகுத்துள்ளது. அவ்விதிக்கு உட்பட்ட, விலை குறைந்த புதிய டயர், மொட்டையாகிப்போன விலை உயர்ந்த டயரைவிட மழையில் எவ்வளவோ மேல். வாங்க முடிந்ததை வாங்குவோம். அதன் எல்லையை அறிந்து ஓட்டச் சொல்வோம்.

தோழியரே, இன்று மாலை வீட்டுக் காரின் டயரை, அல்லது நம்மை ஏற்றிவரும் வேனின் டயரைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பள்ளங்கள் மறைந்திருந்தால் அப்பாவிடமோ, வேன் ஓட்டும் அண்ணனிடமோ பணிவோடு சொல்லுங்கள். மழை வருமுன் சொல்லிவிடுங்கள்.