நிறுவுமுன் நோக்குக

மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவுவோர் பெரும்பாலும் ஓரிரு கட்டளைகளையே இடுவர். அவற்றின் பின்னே நடைபெறுவனவோ பல. நிரலாளர் எழுதிய மூலநிரல் பல கோப்புகளாகப் பிரிந்திருக்கும். அவை எந்திர மொழிக்கு மாற்றப்பட்டு, பின்னர் ஒன்றாக இணைக்கப்படல் வேண்டும்.

இப்பணியை ஒழுங்குபட நடத்தும் கருவிகளுள் புகழ்பெற்றது ‘மேக்’ என்பதாகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவேட் பெல்ட்மன் என்பவர் 1976ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். சக அறிஞர் ஒருவர் நிரலின் பிழையைத் திருத்தியபின், அக்கோப்பை மீண்டும் எந்திர மொழிக்கு மாற்றாது விட்டமையால், சரியான நிரலிலேயே பிழைதேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். அந்நிகழ்ச்சியே மேக் பிறத்தற்குக் காரணமாயிற்று. எக்கோப்பு எதனைச் சார்ந்தது, அதனை ஆக்கும் கட்டளை யாது என்பவற்றை ஓர் ஏட்டில் எழுதிவைத்தால், மேக் கோப்புகளின் நேரங்களை ஒப்புநோக்கி, வேண்டியவற்றை மட்டும் புதுப்பிக்கும். குழம்பில் உப்புக் குறைந்தால் சோற்றையும் மீண்டும் ஆக்குவார் இலர் அல்லவா?

மூலநிரற் பொதிகள் பலவற்றுடன் அமைப்பேடு ஒன்றும் வரும். அதுவும் கட்டளைகளின் தொகுதியே. கணினியில் உள்ளவற்றை ஆராய்ந்து, மேக்குக்குரிய ஏட்டை ஆக்கித் தருவது அதன் தொழில். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. அமைப்பேடு, அதனை இயக்கியவரின் அதிகாரத்தோடு இயங்குகின்றது. அவர் அழிக்கக்கூடிய கோப்பை அதுவும் அழிக்க வல்லது.

இவ்வச்சம் வீணன்று. 2024ஆம் ஆண்டில் ‘எக்ஸ்-இசட் யூட்டில்ஸ்’ என்னும் பொதியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஈராண்டுக்கு மேலாக உதவிசெய்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் பெயரிலேயே அப்பதிப்புகள் வெளிவந்தன. யாவரும் பார்க்கத்தக்க பொதுக் களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், வெளியிட்ட பொதியின் அமைப்பேட்டில் மறைந்திருந்தன. அவை சோதனைக்குரியன போல் தோன்றிய கோப்புகளிலிருந்து தீய நிரலை எடுத்து மென்பொருளோடு இணைத்தன. இரகசியத் திறவுகோல் உடையவர் தொலைவிலிருந்தே பிறர் கணினியை ஆள அது வழிசெய்தது. தொலைக்கணினியுள் நுழைவதற்கு ஏறக்குறைய அரை நொடி மிகுதியாகச் செல்வதைக் கண்ட அண்ட்ரெஸ் புறோயிண்ட் என்னும் மைக்ரோசொப்ட் பொறியியலாளர், காரணத்தைத் தேடிச்சென்று, மார்ச் 29இல் உண்மையை வெளியிட்டார். பெரிய லினக்ஸ் வெளியீடுகளின் நிலைப் பதிப்புகளை எட்டுமுன்னரே அது தடுக்கப்பட்டது.

ஆகவே, பொதி எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமைப்பேட்டையும் மேக்கையும் சாதாரணக் கணக்கிலேயே இயக்குதல் நன்று. நிருவாகியின் முழு அதிகாரம், நிறுவும் இறுதிப் படிக்குத் தேவைப்படின் மட்டும் போதும். ஐயத்துக்குரிய பொதியைத் தனிமைப்படுத்திய சூழலில் சோதித்தல் நலம். நன்மதிப்புப் பெற்றவரையும் சரிபார்த்தல் அவமதிப்பு ஆகாது. நெருங்கிய உறவினரிடமிருந்து காணி வாங்குவோரும் உறுதியை வாசித்த பின்னரே கையொப்பமிடுவர். கணினிக்கும் அம்முறையே தக்கது.