கப்பல் பட்டியல் முதல் கடவுச்சீட்டு வரை: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரும் பயண ஆவணங்களும்

முன்னுரை

அயல்நாட்டுப் பயணம் மேற்கொள்ளும் ஒருவர் இன்று முதலில் நோக்குவது தம் கடவுச்சீட்டின் காலாவதி நாளையே ஆகும். அந்நாளுக்கு ஆறு மாதங்களுக்கும் குறைவான காலமே எஞ்சியிருப்பின், நுழைவிசைவு கையிலிருந்தும் விமானத்தில் ஏற இயலாமற் போகலாம். இது பயண முகவர்கள் நாள்தோறும் கூறும் செய்தியாயினும், இதன் பின்னணியில் ஒரு பெரிய வினா உள்ளது. ஒருவர் எந்த நாட்டினர் என்பதை எந்தத் தாள் உறுதிப்படுத்துகிறது? அத்தாள் இல்லாதவர் நிலை யாது? பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த, வாழும் தமிழரை முன்னிறுத்தி இவ்வினாக்களை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடவுச்சீட்டு இல்லாத பயணம்

1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் குறித்து அறிக்கை செய்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. எனினும் தேயிலைப் பயிர் இங்கு வேரூன்றியது 1929ஆம் ஆண்டு ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய பின்னரே. காடழித்தல், நாற்று நடுதல், கொழுந்து பறித்தல் ஆகிய பணிகளில் தமிழர் பெரும்பங்கு வகித்தனர்.

அக்காலத்தில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளரிடம் இன்று நாம் அறிந்த வகையிலான கடவுச்சீட்டு இருந்ததில்லை. உரிமம் பெற்ற கங்காணி ஊரிலே ஆள் சேர்ப்பார். கிராம அதிகாரியின் ஒப்புதல் பெறப்படும். ஆவடி அல்லது நாகப்பட்டினத்து முகாமில் அவர்கள் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்படுவர். 1907ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி அவர்களது கப்பற் செலவை ஏற்றது. பினாங்கை அடைந்தோர் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காப்பில் வைக்கப்பட்டனர். இவ்வழி நெடுகத் தொழிலாளரின் அடையாளம் அவர் கையில் இருக்கவில்லை. கங்காணியின் உரிமத்திலும், கப்பல் பட்டியலிலும், பின்னர்த் தோட்டத்துச் செக்ரோலிலும் இருந்தது. பிறர் எழுதி, பிறர் காத்த தாள்களிலேயே அவர் பெயர் வாழ்ந்தது எனலாம். இந்நிலையின் விளைவு இரண்டு தலைமுறைக்குப் பின்னரே வெளிப்பட்டது.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இவ்வேற்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை மலாயாவுக்குத் தடை செய்தது. 'போ' தோட்டம் தோன்றி ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. மலாயாவிலும் 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு 1 முதல் நடப்புக்கு வந்து, புதியவர் நுழைவை வெகுவாகச் சுருக்கியது. வாயில் இரு புறமும் அடைபட்டபோது, உள்ளே இருந்தவர் யார் என்ற வினா எழுந்தது.

குடியுரிமையும் மூன்று வாய்ப்புகளும்

1948 பிப்ரவரி 1இல் உருவான மலாயாக் கூட்டரசின் குடியுரிமை விதிகள் கடுமையானவை. தோட்டத் தமிழருள் பலர் அவற்றின் வரம்புக்குள் வரவில்லை. மறுபுறம், இந்திய அரசமைப்பின் 8ஆம் விதி, அயல்நாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமக்களாகலாம் என்றது. ஆனால் 9ஆம் விதி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க இயலாது என வரையறுத்தது. எனவே மலையில் வாழ்ந்தவருக்கு மூன்று நிலைகள் இருந்தன: மலாயாக் குடிமகனாதல், இந்தியக் குடிமகனாதல், எதற்கும் விண்ணப்பிக்காது இருந்துவிடுதல். மூன்றாவது நிலை ஒரு தேர்வாகத் தோன்றாவிடினும், பின்னாளில் அதுவே மிகுந்த துன்பம் தந்த தேர்வாயிற்று.

1957ஆம் ஆண்டு விடுதலையோடு நடப்புக்கு வந்த கூட்டரசு அரசமைப்புச் சட்டம் புதிய வழி திறந்தது. விடுதலை நாளாகிய 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் இறுதி வரை இந்நாட்டு மண்ணில் பிறந்தோர், பொதுவாகப் பிறப்பாலேயே குடிமக்கள் ஆவர். அதன்பின் பிறந்தோர்க்கு மண்ணில் பிறந்தமை மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருத்தல் முதலிய நிபந்தனைகளும் வேண்டும். ஆகவே ஒரே லயத்தில், ஒரே தாய் வயிற்றில், 1961இல் பிறந்த அண்ணனும் 1963இல் பிறந்த தம்பியும் சட்டத்தின் கண்ணில் வேறுபட்ட நிலையினர் ஆகக்கூடும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். உரிமை இருப்பது வேறு. அதனை மெய்ப்பிப்பது வேறு. 1960இல் தோட்டத்து லயத்திலே மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தையின் பிறப்பு பதியப்படாதிருப்பின், அக்குழந்தை சட்டப்படி குடிமகனாயினும் தாளின்படி யாருமல்லர். பிறப்புப் பத்திரம் இல்லையேல் நீல அடையாள அட்டை இல்லை. நீல அட்டை இல்லையேல் மலேசியக் கடவுச்சீட்டு இல்லை. நிரந்தர வாசிகளுக்குரிய சிவப்பு அட்டையுடன் முதுமையெய்திய தமிழர் பலரின் வரலாறு இத்தகையதே. 2011ஆம் ஆண்டின் 'மைடஃப்தார்' இயக்கமும், 2017இல் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டமும் இச்சிக்கலைக் கருத்திற்கொண்டன.

2024 அக்டோபர் 17இல் மக்களவை ஏற்ற அரசமைப்புத் திருத்தம் இச்சிக்கலுக்குப் புதிய கூர்மை அளித்துள்ளது. அயல்நாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்க்கு அது நன்மை செய்கிறது. அதே வேளையில், நிரந்தர வாசிகளுக்கு இந்நாட்டில் பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடிமக்களாவதற்கு வழி செய்த சொற்களை நீக்குகிறது. சிவப்பு அட்டை ஒரு தலைமுறையோடு முடியும் என்னும் நம்பிக்கை இதனால் தளர்கிறது.

இலங்கை மலையகத்தோடு ஓர் ஒப்பீடு

தேயிலையும் தமிழரும் குடியுரிமையும் ஒருங்கே சந்தித்த மற்றோரிடம் இலங்கை மலையகம். அங்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலான தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என மக்களை எண்ணிக்கையால் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோர்க்கு முடிவான தீர்வளித்தது. மலாயாவில் ஒட்டுமொத்த உரிமைப் பறிப்பு நிகழவில்லை; அதனாலேயே இங்குள்ள சிக்கல் ஒவ்வொரு குடும்பத்தின் தனிச் சிக்கலாகச் சிதறி, பொதுக் கவனத்திற்கு எட்டாமல் இருந்துவந்தது.

இன்றைய நுழைவு விதிகள்

கடவுச்சீட்டு உள்ளோரும் சில விதிகளை அறிந்திருத்தல் நலம். இந்தியாவுக்குச் செல்லும் மலேசியரின் கடவுச்சீட்டு, அங்குச் சென்றடையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாதல் வேண்டும். முத்திரையிட இரண்டு வெற்றுப் பக்கங்களும் தேவை. மலேசியாவுக்கு வருவோர்க்கும் ஆறு மாத விதி உண்டு. அவர்கள் மின்னியல் வருகை அட்டையையும் முன்னரே நிரப்புதல் வேண்டும். இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்களுக்கு நுழைவிசைவின்றி மலேசியாவுக்கு வரலாம். இச்சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. ஆறு மாத விதியின் காரணம் எளியது. நோய், விபத்து முதலியவற்றால் தங்கல் நீளுமாயின், காலாவதியான சீட்டுடன் இருப்பவரைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்புவது இரு நாட்டுக்கும் இடர் தரும்.

தமிழருக்கே உரிய மற்றொரு சிக்கல் பெயரெழுத்து. முனியாண்டி என்னும் பெயரின் இறுதியை ஒரு கிராணி ரோமன் எழுத்தில் 'ஐ' கொண்டும், மற்றொருவர் 'ஒய்' கொண்டும் முடித்திருப்பர். ழகரமோ எழுதுவார்க்கு ஏற்ப மாறும். மேலும், தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே உண்டு. ஒரு பெயர் இரு தாளில் இரு வகையாக இருப்பின் அதிகாரிக்கு அது இருவர் பெயரே. 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உருப்பெற்ற இந்தியக் கடல்கடந்த குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிப்போர், முன்னோர் இந்தியாவினர் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சான்றுகளால் இணைத்துக் காட்ட வேண்டியுள்ளமையால், இவ்வெழுத்து வேறுபாடு பெருந்தடையாகிறது.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களிடம் கடவுச்சீட்டு உண்டு. ஆயினும் பிறர் கடவுச்சீட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பதைத் தொழிலாளர் பலர் அறியார். அடையாளத் தாள் பிறர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழர் வரலாறு முன்னரே காட்டியுள்ளது.

முடிவுரை

கடவுச்சீட்டின் ஆறு மாதம் பற்றிக் கவலைப்படுவது ஒருவகையில் பேறேயாகும். அக்கவலை குடிமகனுக்கு மட்டுமே வாய்ப்பது. அந்நிலைக்கு எட்டாதோர்க்குத் தமிழாசிரியர் செய்யக்கூடிய பணி உண்டு. பழைய தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தோட்டத்துச் செக்ரோல்கள், கோயில் கணக்கேடுகள் ஆகியன, ஒருவர் இன்ன ஆண்டில் இவ்விடத்தில் இருந்தார் என்பதற்குத் துணைச் சான்றாகலாம். பள்ளிகள் இடம் மாறும்போதும் தோட்டங்கள் துண்டாடப்படும்போதும் முதலில் அழிவன இவையே. இவற்றைத் திரட்டிக் காப்பது வரலாற்றாய்வுக்கு மட்டுமன்று, இன்னும் நீல அட்டைக்குக் காத்திருக்கும் ஒரு முதியவருக்கும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும் பணியாகும்.