ஒய்பின் குன்றில் கூரையில்லாத கோவில்

ஜெர்மனியின் கிழக்கு மூலையில், செக் நாட்டு எல்லையை ஒட்டி, காட்டுக்கு நடுவே கவிழ்த்த பானை போல நிற்கிறது ஒய்பின் என்ற மணற்கல் குன்று. உயரம் 514 மீட்டர். உச்சியில் ஒரு கோட்டையும் துறவுமடத்துக் கோவில் ஒன்றும் இடிந்து கிடக்கின்றன.

மடத்தை 1369-இல் நிறுவியவர் பேரரசர் நான்காம் சார்லஸ். 1294-இல் தானே பதவி துறந்த போப் ஐந்தாம் செலஸ்தீனின் பெயரைத் தாங்கிய துறவு சபைக்காக அதைக் கொடுத்தார். தனிமையை நாடியவர்களுக்குக் குன்றின் உச்சி பொருத்தமான இடம்தான். கோவில் எழுப்பும் அளவுக்குச் சமதளம்தான் இல்லை. ஆகவே பாறையையே வெட்டி இடம் பிடித்தார்கள். சுவரின் ஒரு பகுதி செதுக்கிய பாறை, மற்றது அடுக்கிய கல். மலை எங்கே முடிகிறது, கொத்தனார் வேலை எங்கே தொடங்குகிறது என்பது கிட்டப்போய்த் தடவிப் பார்த்தால்தான் பிடிபடும். 1384-இல் கோவில் அர்ச்சிக்கப்பட்டது.

மடம் இருநூறு ஆண்டுகூடத் தாங்கவில்லை. லூதரின் சீர்திருத்தம் பரவி, 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது காலியானது. 1577-இல் இடி விழுந்து தீப்பற்றியது. திரும்பக் கட்ட யாரும் முன்வரவில்லை. 1681-இல் பாறை சரிந்து மிச்சத்தையும் சேதப்படுத்தியது.

சுவர்களைச் சுற்றிக் காடு வளர்ந்தது. 1810-இல் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் வந்து இடிபாடுகளை வரைந்துகொண்டு போனார். அவர் 1830-களில் தீட்டிய 'கனவு காண்பவர்' ஓவியத்தில், கோவிலின் வெற்றுச் சன்னல் திறப்பில் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் மரங்கள், சிவந்த அந்தி வானம். ஓவியம் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுசாக நின்றபோது கிடைக்காத புகழைக் கோவில் இடிந்த பிறகே சம்பாதித்தது என்றால் மிகையில்லை.

சன்னல்களின் கல் வளைவுகள் இன்னும் உதிராமல் நிற்கின்றன. கண்ணாடி இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. பக்கத்தில் ஊராரின் கல்லறைத் தோட்டம்.

சிட்டாவ் நகரிலிருந்து 1890-இல் தொடங்கிய குறுகிய பாதை ரயில் அடிவார ஊர்வரை வருகிறது. நீராவி எஞ்சின்கள் இன்றும் இழுக்கின்றன. அங்கிருந்து ஏற்றம் நடைதான். மழை பெய்தால் மணற்கல் படிகள் வழுக்கும். தேய்ந்த செருப்போடு ஏறவேண்டாம்.